ராத்கோ பிரதியை ஹாலில் மாட்டுவது: அளவு, காகிதம், கண்ணாடி, வெளிச்சம்

#1 மஞ்சள்வெயில்

அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் வண்ணப்புல ஓவியம் (உருவம் இல்லாமல் பெரிய நிறப்பரப்புகளே படமாக இருப்பது) ஒன்றைப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்ட நினைக்கிறேன். மனதில் இருப்பது 'எண் 61 (துருவும் நீலமும்)', 1953.

சுவர் 11 அடி அகலம், தளம் 9½ அடி உயரம். சோபாவுக்கு எதிர்ச்சுவர். இடப்பக்கம் மேற்கு பார்த்த ஜன்னல். சுவரில் இளமஞ்சள் எமல்ஷன். இரவில் 20 வாட் எல்இடி ட்யூப் ஒன்றுதான். சென்னை, கடலுக்கு 2 கி.மீ.

கையில் உள்ளது 1,400 × 1,750 பிக்சல் ஜேபெக். கடையில், "2-க்கு 3 அடி கேன்வாஸ், மேலே கண்ணாடி, கோல்டு ஃப்ரேம்" என்கிறார்கள். இதில் எது சரி, எதை மாற்றவேண்டும்?

#2 அச்சறை

கோல்டு ஃப்ரேமை ஃப்ரேம் வேலை தெரிந்தவர்கள் கவனிக்கட்டும். நான் கோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூல ஓவியம் 292.7 செ.மீ. உயரம், 233.7 செ.மீ. அகலம். உயரம் அகலத்தைப் போல 1¼ மடங்கு. 2×3 அடி என்பது 1½ மடங்கு. அந்த அளவில் கேட்டால் கடையில் ஒன்று படத்தை மேலே இழுப்பார்கள், இல்லை பக்கவாட்டில் வெட்டுவார்கள். இரண்டிலும் அடிபடுவது ஓரம். வண்ணத் தொகுதிகளுக்கும் கேன்வாஸ் விளிம்புக்கும் இடையே ஓடும் குறுகிய பட்டைதான் தொகுதிகளை மிதக்க வைக்கிறது. அதை நறுக்கினால் மூன்று நிறத்தில் பெயிண்ட் அடித்த கதவு மாதிரி ஆகிவிடும். 24 × 30 இன்ச் கேளுங்கள், விகிதம் பிசகாது.

அடுத்தது பிக்சல். 1,400-ஐ 24-ஆல் வகுத்தால் இன்ச்சுக்கு 58. ராத்கோவின் ஓரங்கள் கலங்கலானவை, முகமோ எழுத்தோ கிடையாது, அதனால் இன்ச்சுக்கு 300 எல்லாம் வேண்டாம், 150 போதும். 24 × 30 இன்ச்சுக்கு அது 3,600 × 4,500. மென்பொருளில் பெரிதாக்கலாமே என்று கேட்பீர்கள். பிக்சல் எண்ணிக்கை கூடும், ஆனால் ஜேபெக் சுருக்கத்தின் 8×8 கட்டங்களும் சேர்ந்து பெரிதாகும். ஃபோட்டோவில் இது தெரியாது. கரு நீலமும் அரக்கும் 1 அடி அகலத்துக்கு விரிந்து கிடக்கும் படத்தில் தரையோடு போட்ட டைல்ஸ் போலத் தெரியும்.

இன்னொரு சோதனை: இதே ஓவியத்தின் நான்கு கோப்புகளை இணையத்தில் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் நடுநீலம் ஊதாவாக இருக்கும், ஒன்றில் பச்சை சாயும். ஓவியம் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில். அருங்காட்சியகமே வெளியிடும் படமோ, உரிமம் பெற்ற போஸ்டரோதான் நம்பத் தக்கது. வால்பேப்பர் தளங்களில் எவரோ செறிவை ஏற்றிவிட்டிருப்பார்கள்.

#3 கோடும்கோலமும்

கோப்பு சரியாகக் கிடைத்தாலும் இந்த ஓவியத்தை 30 இன்ச்சில் போடுவது வீண் என்பது என் கருத்து.

கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத்தை 76 செ.மீ.க்குச் சுருக்கினால் பரப்பு 15-இல் ஒரு பங்கு. மற்ற ஓவியங்களில் அளவு குறைந்தாலும் உருவம் மிஞ்சும். மரத்தைச் சுருக்கினாலும் மரம். இங்கே உருவமே கிடையாது, பார்ப்பவர் உடம்புக்கும் நிறப்பரப்புக்கும் உள்ள விகிதம்தான் ஓவியம். ராத்கோ தன் படங்களை 18 இன்ச் தூரத்தில், அதாவது 45 செ.மீ.யில் நின்று பார்க்கச் சொன்னார். அந்தத் தூரத்தில் மூல ஓவியம் பார்வையின் இரு ஓரத்தையும் தாண்டிப் போகும். 30 இன்ச் பிரதி சுவரில் ஒரு ஸ்டாம்ப்.

அதே வகையில் வரைந்த பார்னெட் நியூமன் இன்னும் கறார். அவருடைய 'வீர் ஹிராயிகஸ் சப்ளைமிஸ்' 242 × 542 செ.மீ. பெரிய படங்களை மக்கள் எட்ட நின்று பார்ப்பார்கள், என் படங்களைக் கிட்ட நின்று பாருங்கள் என்று 1951 கண்காட்சியில் குறிப்பே எழுதி ஒட்டினார். அதைப் போஸ்டராக்கினால் சிவப்பு அட்டையில் ஐந்து கோடு.

பிரதி போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவருக்குப் பொருந்தும் அளவில் ஓவியரே செய்த படைப்பைத் தேடி, 1:1 அளவில், அதாவது மூலத்தின் அதே அளவில் போடுங்கள். வீட்டில் வைக்கும் வண்ணப்புலப் பிரதிக்கு இதைவிடப் பெரிய விதி கிடையாது.

#4 மஞ்சள்வெயில்

துருவும் நீலமும் போச்சா? சரி. 11 அடி சுவருக்கு 1:1 அளவில் எது அடங்கும்?

#5 கோடும்கோலமும்

மூன்று வழி.

ராத்கோவின் காகித ஓவியங்கள் முதலாவது. 1968-இல் அவருக்கு மகாதமனி வீக்கம் வந்தது. 1 மீட்டருக்கு மேல் உயரமாக வரையாதீர்கள் என்று மருத்துவர் சொல்ல, அந்த ஆண்டு காகிதத்தில் அக்ரிலிக் வண்ணம் வைத்து நிறைய வரைந்தார். பல படங்கள் 65 × 100 செ.மீ.க்குச் சற்று முன்பின். 1969-இல் மீண்டும் பெரிதாகப் போய்விட்டார். ஆகவே ஆண்டைப் பார்த்து ஏமாறாமல் அளவைப் பாருங்கள். இவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. எண்ணெய், முட்டை, டாமர் பிசின் எல்லாம் கலந்து மெல்லிய பூச்சாக அடுக்கிய கேன்வாஸ்களில் ஓரிடம் மங்கலாகவும் ஓரிடம் மினுக்காகவும் இருக்கும். நடக்க நடக்க அது மாறும், இங்க்ஜெட்டால் அதைத் தொடவே முடியாது. காகிதத்தில் வைத்த அக்ரிலிக் வண்ணத்தின் மங்கல் பரப்பு, பருத்திக் காகிதத்தில் அச்சடித்தால் குணம் பெருமளவு தங்கும்.

ஒரு எச்சரிக்கை: 1969-இன் பழுப்பு, சாம்பல் வரிசையில் சுற்றிலும் வெள்ளை ஓரம் இருக்கும். டேப் ஒட்டி வரைந்து உரித்த ஓரம் அது, ஓவியத்தின் பகுதி. ஃப்ரேம் கடையில் அதை மவுண்ட் போர்டால் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) மூடிவிடுவார்கள்.

ஓவியர் யோசெப் ஆல்பர்ஸ் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்த 'சதுரத்துக்கு வணக்கம்' வரிசை இரண்டாவது. 1950-இல் தொடங்கி 1976-இல் சாகும்வரை வரைந்தார். 16 இன்ச் முதல் 48 இன்ச் வரை சதுரங்கள், எல்லாமே வீட்டுக்கு அடங்கும். ஹார்ட்போர்டின் சொரசொர பக்கத்தில் வெள்ளை அடித்து, ட்யூபிலிருந்து எடுத்த நிறத்தைக் கலக்காமல் கத்தியால் பரப்பி, எந்த கம்பெனி, எந்த நிறம் என்று பின்பக்கம் குறித்தும் வைத்தார். ஆனால் இதில் நிறம் கொஞ்சம் பிசகினாலும் சதுரங்களுக்கு இடையிலான இழுபறி போய்விடும். ராத்கோவில் 3 சதவீதம் பிசகினால் வேறொரு ராத்கோ, ஆல்பர்ஸில் பிசகினால் வெறும் சதுரம்.

மூன்றாவது, ஓவியர் ஹெலன் பிராங்கன்தாலர். 1952-இல் 'மலைகளும் கடலும்' ஓவியத்தில் டர்பன்டைன் கலந்து நீராக்கிய எண்ணெய் நிறத்தைப் பூச்சிடாத கேன்வாஸில் ஊற்றி ஊறவிட்டார். மறு ஆண்டு அதைப் பார்த்த ஓவியர்கள் மோரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் தங்கள் பாதையையே மாற்றிக்கொண்டார்கள். அது 220 × 298 செ.மீ., நமக்கு ஆகாது. ஆனால் அவர் அச்சுக்கென்றே செய்த மரக்கட்டைப் படங்கள் ஏராளம். 2000-இல் வந்த 'மேடம் பட்டர்பிளை' 46 கட்டைகள், 102 நிறம். ஊறிய கறை வகை ஓவியம் எதைப் போட்டாலும் நிறம் படாத இடத்தைக் கவனியுங்கள். அங்கே தெரிவது வெறும் துணியின் கோதுமை நிறம். பளீர் வெள்ளைக் காகிதத்தில் அதைச் சரியாகக் கொண்டுவர மை தூவ வேண்டியிருக்கும், அந்தத் தூவல் புள்ளிகள் தெரியும். கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த இயற்கை வெள்ளைக் காகிதம் எடுத்தால் தப்பிக்கலாம்.

#6 நெய்தல்

கேன்வாஸைக் கைவிடச் சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. ராத்கோ ஃப்ரேம் போடவில்லை, கண்ணாடி போடவில்லை, கேன்வாஸின் பக்கவாட்டு மடிப்பிலும் நிறத்தைத் தொடர்ந்து பூசினார். காகிதப் பிரதிக்குக் கண்ணாடி வேண்டும். இருட்டு நிறத்தின் மேல் கண்ணாடி போட்டால் ஹாலில் உள்ள ஃபேன், ட்யூப், பனியன் போட்ட மாமா எல்லாரும் ஓவியத்துக்குள் தெரிவார்கள். கேன்வாஸில் அந்தத் தொல்லை கிடையாதே?

#7 அச்சறை

பாதி ஒப்புக்கொள்கிறேன். கேன்வாஸ் எடுப்பதானால் இவை நடக்கும்:

இங்க்ஜெட் கேன்வாஸின் மேல் வெள்ளைப் பூச்சு இருக்கும். சட்டத்தின் மூலையில் மடிக்கும்போது அது வெடித்து வெள்ளைக் கீற்று தெரியும். அடர் நிறத்தில் எட்டத்திலிருந்தே தெரியும். அச்சடித்து 24 மணி நேரம் காயவிட்டு, தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் ரோலரால் 2 கோட் போட்ட பிறகே இழுத்துக் கட்டவேண்டும். வார்னிஷ் போட்டால் பூச்சு கொஞ்சம் வளையும், உரசலும் தாங்கும். மடிப்புக்கு நான்கு பக்கமும் 6 செ.மீ. கூடுதலாக அச்சடிக்கவேண்டும். 38 மி.மீ. தடிமன் சட்டத்துக்கு அதற்குக் குறைந்தால் பின்பக்கம் ஸ்டேப்பிள் அடிக்க இடம் போதாது. அந்த 6 செ.மீ.யை ஓவியத்திலிருந்தே எடுக்கக்கூடாது, ஓர நிறத்தைக் கோப்பில் நீட்டித்துச் சேர்க்கவேண்டும்.

நெசவு இன்னொரு விஷயம். கடைகளில் கிடைக்கும் பாலிகாட்டன் கேன்வாஸின் இழை ஒரே சீராக ஓடும். மூல ஓவியத்தின் துணியும் தூரிகைத் தடமும் கோப்பிலேயே பதிந்திருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சில அளவுகளில் அலை அலையாக ஒரு கோலம் தெரியும். பாதி அளவுக்குச் சுருக்கும்போதுதான் இது அதிகம்.

மேட் கேன்வாஸில் மிக அடர்ந்த கருப்பும் அரக்கும் பருத்திக் காகிதத்தைவிடச் சற்று வெளுத்துத்தான் வரும். நீங்கள் எடுப்பது 1950-களின் மஞ்சள், ஆரஞ்சு என்றால் கேன்வாஸ், 60-களின் இருட்டு என்றால் காகிதம். இதற்கு மேல் சண்டை வேண்டாம்.

#8 நெய்தல்

சண்டை இல்லை. ஆனால் காகிதம் என்றால் கடைக்காரரிடம் என்ன பெயர் சொல்லிக் கேட்பது? "ஃபோட்டோ பேப்பர்" என்றால் பளபளப்பைத்தான் நீட்டுவார்கள்.

#9 அச்சறை

"100 சதவீதம் காட்டன், மேட், 300 ஜிஎஸ்எம்-க்கு மேல், பிக்மென்ட் இங்க்" என்று கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற காகித எடை, பிக்மென்ட் என்பது நிறத்துகள் மை. ஹானமூலே ஃபோட்டோ ராக் 308, கேன்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310 என்று பெயரையே சொல்லலாம். ஃப்ளெக்ஸ், வினைல் அடிக்கும் சால்வென்ட் மெஷினில் வேண்டாம். அது எட்டிப் பார்க்கும் பேனருக்கானது. 18 இன்ச்சில் நின்றால் புள்ளி தெரியும்.

65 செ.மீ. அகலப் படத்துக்கு 24 இன்ச் மெஷின் போதாது, 24 இன்ச் என்பது 61 செ.மீ. 44 இன்ச் மெஷின் இருக்கும் இடமாகப் பார்க்கவேண்டும். கோப்பு அளவு 65 × 100-க்கு இன்ச்சுக்கு 150 வீதம் சுமார் 3,840 × 5,900 பிக்சல்.

கோப்பைக் கொடுக்கும்போது:

அடோபி ஆர்ஜிபி நிற அமைப்பு, 16 பிட் டிஃப் (TIFF) கோப்பு. சிஎம்ஒய்கே-க்கு (அச்சகத்தின் நாலு மை முறை) நீங்களே மாற்றிக் கொடுக்காதீர்கள். செறிந்த ஆரஞ்சும் ஊதா கலந்த நீலமும் அந்த மாற்றத்திலேயே இறந்துவிடும். மெஷினில் 8 முதல் 12 மை இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.

8 பிட் ஜேபெக்தான் கிடைத்தது என்றால் 16 பிட்டுக்கு மாற்றி 1 முதல் 1.5 சதவீதம் நாய்ஸ் (மணல் மாதிரி நுண்புள்ளி) சேருங்கள். திரையில் அசிங்கமாகத் தெரியும், காகிதத்தில் தெரியாது. நிறம் மெல்ல மாறும் இடங்களில் படிக்கட்டுப் பட்டை விழாமல் காப்பது அதுதான்.

நிற மாற்ற முறையில் இரண்டு தேர்வு இருக்கும். ரிலேட்டிவ் முறை அச்சுக்கு அடங்கும் நிறங்களை அப்படியே வைத்து, அடங்காததை எல்லைக்கு இழுக்கும். பர்செப்சுவல் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். ஒரே சிவப்புக்குள் நாலு சிவப்பு ஒளிந்திருக்கும் ராத்கோவுக்கு ரிலேட்டிவ் போட்டால் சிலசமயம் நாலும் ஒன்றாகிவிடும், அப்போது பர்செப்சுவல். ஆல்பர்ஸுக்கு ரிலேட்டிவ். இரண்டிலும் துண்டுச் சோதனை போடாமல் முழு அளவு அடிக்க விடாதீர்கள்.

துண்டுச் சோதனை: முழு அளவுப் படத்திலிருந்து மிக இருண்ட இடம், மிகச் செறிந்த இடம், இரண்டு நிறம் உரசும் ஓரம் என மூன்று பட்டைகளை வெட்டி ஒரு ஏ4-இல் அதே காகிதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். முழுப் படத்தைச் சுருக்கி ஏ4-இல் அடித்தால் பயன் கிடையாது, கோளாறு எல்லாம் சுருங்கி மறைந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு, மாட்டப்போகும் சுவரில் ஒட்டி, பகலிலும் இரவிலும் பாருங்கள். கடை விளக்கில் சரியாகத் தெரிந்த பழுப்பு, வீட்டு விளக்கில் பச்சை அடிக்கும்.

தூசிப் பஞ்சும் உண்டு. பருத்திக் காகிதத்தின் மேல் நுண்ணிய இழை ஒட்டியிருக்கும். அதன் மேலேயே மை விழுந்து, பிறகு இழை உதிர்ந்தால் அடர் நிறத்தில் ஊசிமுனை வெள்ளைப் புள்ளி. அடிக்கும் முன் மென்மையான அகலத் தூரிகையால் தாளைத் துடைத்தார்களா என்று கேளுங்கள். நாசில் (மை தெளிக்கும் துளை) செக் ஒன்றும் போடச் சொல்லுங்கள். ஒரு நாசில் அடைத்திருந்தாலும் 1 மீட்டர் ஒற்றை நிறத்தில் கோடு விழும். கல்யாண ஃபோட்டோவில் யாரும் பார்க்காத கோடு அது. வேகத்தைக் குறைத்து ஒரே திசையில் அடித்தால் பட்டை விழுவது குறையும்.

மேட் காகிதத்தின் பரப்பை விரல் தொடக்கூடாது. நகம் பட்ட கீறலை மறைக்க இந்த ஓவியத்தில் கிளையோ இலையோ கிடையாது. பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தைப் பிடித்து, அச்சு வெளிப்பக்கம் இருக்க அகலமான குழாயில் சுருட்டுங்கள்.

#10 ஃப்ரேம்வேலை

என் பங்கு ஆரம்பம்.

ஒட்டவே கூடாது. படத்தை முழுசா கம் போட்டு ஹார்ட்போர்டில் ஒட்டுவது நம்ம ஊர் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காகிதம் விரியும், போர்டு அந்த அளவு விரியாது, கொப்புளம் கிளம்பும். செலோடேப், பிரவுன் டேப் இரண்டும் சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை காகிதத்துக்குள் இறங்கும். படத்தின் மேல் விளிம்பில் மட்டும், பின்பக்கம், ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டு, கோதுமை மாவுச்சத்துப் பசை. மற்ற மூன்று பக்கமும் சும்மா தொங்கட்டும். 1 மீட்டர் உயரப் படத்துக்கு நடுவில் மூன்றாவது துண்டு வைக்கலாம். தொங்கும் காகிதம் மழைக்காலத்தில் லேசாக அலையும், தை மாதம் தானே நேராகும். அதைப் பார்த்துப் பயந்து பிரித்து அழுத்தி ஒட்டிவிடாதீர்கள்.

படத்துக்குப் பின்னால் அமிலம் இல்லாத போர்டு, அதற்குப் பின்னால் 3 மி.மீ. அலுமினிய காம்போசிட் ஷீட். பிளைவுட், ஹார்ட்போர்டு நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும், கரையானுக்கும் விருந்து. ராமபாணப் பூச்சி உள்ளே போகாமல் பின்பக்க இடுக்கு முழுவதும் பேப்பர் டேப் ஒட்டவேண்டும்.

கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. இடையில் 5 அல்லது 6 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளிப் பட்டை). தொட்டால் ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் நிறத்தோடு வரும்.

எடை: 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ, அதே தடிமன் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) 3.6 கிலோ. 76 × 102 செ.மீ. ஃப்ரேமுக்குக் கண்ணாடி மட்டும் 5.8 கிலோ, அக்ரிலிக் 2.8. பெரிய அளவுக்கு அக்ரிலிக்தான் என் தேர்வு. ஆனால் உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும், மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும்.

எதிரொளி பற்றி நெய்தல் சொன்னது சரி. "நான் கிளேர்" என்று விற்கும் சொரசொரக் கண்ணாடி வாங்காதீர்கள். படத்தோடு ஒட்டியிருந்தால்தான் அது தெளிவு, 5 மி.மீ. விலகினால் பனிமூட்டம். ராத்கோவின் கலங்கலோடு அந்தக் கலங்கலும் சேர்ந்தால் கண் வலிக்கும். எதிரொளி தடுக்கும் பூச்சுக் கண்ணாடி வேறு சமாச்சாரம், ரொம்ப நன்றாக இருக்கும், விலை ஃப்ரேமைத் தாண்டும். காசு இல்லை என்றால் சாதாரண அக்ரிலிக் போட்டு மாட்டும் இடத்தை மாற்றுங்கள்.

பீடிங் (ஃப்ரேமின் சட்டம்): கோல்டு வேண்டவே வேண்டாம். 2 செ.மீ. முகம், மங்கலான பழுப்பு அல்லது வெளிர் மரம். மவுண்ட் போர்டு போடாமல் படத்தை விளிம்போடு மிதக்கவிடுங்கள்.

#11 வன்னிக்காற்று

கனடாவில் இருந்து எழுதிறன். இஞ்ச நிலைமை நேரெதிர். விண்டரில ஹீட்டர் ஓடேக்க வீட்டுக்குள்ள ஈரப்பதம் 25 வீதத்துக்குக் கீழ போகும். அக்ரிலிக்கில மின்னூட்டம் கூடி, ஒட்டாமல் தொங்க விட்ட காகிதத்தை முன்னால இழுக்கும். அதுக்காக மின்னூட்டம் பிடிக்காத பூச்சுள்ள அக்ரிலிக் கேட்டு வாங்க வேணும், இல்லாட்டி ஸ்பேசரை 10 மி.மீ. ஆக்க வேணும். ஹீட்டர் காற்று வாற துவாரத்துக்கு மேல மாட்டக் கூடாது. கேன்வாஸ் எண்டால் விண்டரில இறுகும், கோடையில தொய்யும், மூலையில ஆப்பு வைச்ச சட்டம் எடுத்தால் தட்டிச் சரிசெய்யலாம்.

#12 விளக்குத்தூண்

#1-இல் எனக்கு உறுத்தியது மேற்கு ஜன்னலும் ட்யூபும்.

ராத்கோவே இதில் அடிபட்டவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோல்யோக் சென்டரில் மேல்மாடி உணவறைக்கு வரைந்த ஐந்து பெரிய படங்கள் 1964-இல் மாட்டப்பட்டன. தரையிலிருந்து தளம்வரை ஜன்னல். அவர் கலந்த லித்தால் ரெட் என்ற சிவப்பு வெயில் தாங்காது. அரக்குச் சிவப்பு வெளுத்து, இடத்துக்கு இடம் நீலமாகச் சாய்ந்தது. 1979-இல் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். 2014-இல் ஹார்வர்டு அருங்காட்சியகம் ப்ரொஜெக்டர் வழியாக, புள்ளி புள்ளியாக, குறைந்த நிறத்தை ஒளியால் ஈடுகட்டிக் காட்டியது. தினமும் மாலை 4 மணிக்கு ப்ரொஜெக்டரை அணைப்பார்கள், நிஜ நிறம் தெரியும்.

பிக்மென்ட் மை லித்தாலைவிட எவ்வளவோ தாங்கும், ஆனால் நேர் வெயிலை எதுவும் தாங்காது. யூவி தடுக்கும் அக்ரிலிக் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணவேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெளுக்கவைக்கும். அருங்காட்சியகங்கள் காகிதப் படைப்புக்கு 50 லக்ஸ்தான் (பரப்பில் விழும் ஒளியின் அளவு) வைக்கின்றன. வெயில் விழும் ஜன்னலோரத்தில் அது பல ஆயிரம். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே, ஜன்னலுக்குப் பக்கமாக மாட்டினால் நேர் வெயிலும் விழாது, எதிரொளியும் குறையும். எதிர்ச்சுவர்தான் மோசம். உங்கள் ஜன்னல் இடப்பக்கம் என்பதால் படத்தை வலக்கோடிக்குத் தள்ளாதீர்கள், சாய்ந்த மாலை வெயில் அங்கேதான் எட்டும். மாலை 4 முதல் 6 வரை வெயில் சுவரில் எங்கே நகர்கிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். தை மாதக் கோணமும் சித்திரைக் கோணமும் ஒன்றல்ல.

இரவு வெளிச்சம்: ட்யூப் 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும்), சிவப்பைச் சாம்பலாக்கும். 2,700 முதல் 3,000 கெல்வின் எல்இடி, சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பு) 90-க்கு மேல், பெட்டியில் ஆர்9 மதிப்பு 50-க்கு மேல் போட்டிருந்தால் எடுங்கள். அடர் சிவப்பு எப்படித் தெரியும் என்பதைக் காட்டுவது ஆர்9. சிஆர்ஐ 80 போட்ட மலிவு பல்பில் அது பூஜ்யத்துக்குப் பக்கம் இருக்கும், அரக்கு எல்லாம் காபித்தூளாகும்.

கோணம் செங்குத்திலிருந்து 30 டிகிரி. தளம் 290 செ.மீ., படத்தின் மையம் 150 செ.மீ. என்றால் விளக்கு சுவரிலிருந்து 81 செ.மீ. தள்ளி. மையத்தை 120-க்கு இறக்கினால் 98 செ.மீ. இதைவிடத் தள்ளி வைத்தால் ஒளி கண்ணாடியில் பட்டு முகத்தில் அடிக்கும், கிட்ட வைத்தால் காகிதத்தின் ஒவ்வொரு அலையும் நிழல் போடும். ஸ்பாட் லைட்டின் வட்டம் படத்துக்குள் விழக்கூடாது, அகலமான கற்றை, 36 டிகிரிக்கு மேல். ராத்கோவுக்கே ஸ்பாட் பிடிக்காது.

எதிரொளியைச் சோதிக்க எளிய வழி: படம் வரும் இடத்தில் அதே உயரத்தில் ஒரு முகக்கண்ணாடியைப் பிடித்து, சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். அதில் ஜன்னலோ ட்யூபோ தெரிந்தால் படத்திலும் தெரியும்.

#13 கோடும்கோலமும்

சுவர் நிறம், உயரம் இரண்டையும் யாரும் தொடவில்லை.

1961-இல் லண்டன் ஒயிட்சேப்பல் கண்காட்சிக்கு ராத்கோ எழுதி அனுப்பிய குறிப்பில் சுவர் வெள்ளையாக இருக்கக்கூடாது, அம்பர் (umber) என்ற மண் பழுப்பு கலந்து கொஞ்சம் சிவப்பால் சூடேற்றிய மங்கல் வெள்ளை வேண்டும் என்கிறார். சுவர் பளீர் வெள்ளையானால் அது ஓவியத்தோடு போட்டி போட்டு, படத்தைப் பச்சைப் பக்கம் தள்ளும். உங்கள் இளமஞ்சள் இன்னும் சிக்கல். மஞ்சளுக்குப் பக்கத்தில் கண் ஊதாவைத் தேடும், படத்தின் சாம்பல்களெல்லாம் ஊதா அடிக்கும். அந்த ஒரு சுவருக்கு மட்டும் மங்கல் வெள்ளை மேட் எமல்ஷன் 2 கோட் போடுங்கள். பட்டி பார்த்துத் தேய்த்த சுவராக இருக்கட்டும், மேலிருந்து விழும் வெளிச்சத்தில் காரையின் மேடு பள்ளம் படத்தைச் சுற்றி நிழல் கட்டும்.

அதே குறிப்பில் பெரிய படங்களைத் தரைக்கு முடிந்தவரை கிட்டே, 6 இன்ச்சுக்கு மேல் போகாமல் மாட்டச் சொல்கிறார். சின்னவற்றைக் கொஞ்சம் உயர்த்தலாம், ஆனால் வானத்துக்கு ஏற்றக்கூடாது. 1 மீட்டர் பிரதிக்கு மையம் 125 முதல் 135 செ.மீ. வைப்பேன். சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண் 110 செ.மீ. அளவில் இருக்கும். நம் வீடுகளில் சாமி படம், தாத்தா படம் மாட்டும் 7 அடி உயரம் இதற்கு ஆகவே ஆகாது. அதே சுவரில் கடிகாரமும் காலண்டரும் வேண்டாம். 11 அடி சுவர் காலியாகத் தெரிகிறதே என்று பக்கத்தில் இன்னொன்று மாட்டாதீர்கள்.

#14 ஃப்ரேம்வேலை

மாட்டும்போது: நடுவில் ஒரே கயிறு, ஒரே ஆணி வேண்டாம். சாய்ந்து சாய்ந்து நிற்கும், கோடும் தொகுதியும் மட்டுமே உள்ள படத்தில் 3 மி.மீ. சாய்வும் கண்ணைக் குத்தும். இரு பக்கமும் டி வளையம், சுவரில் இரண்டு ஸ்க்ரூ, ஸ்பிரிட் லெவல் வைத்துக் குறிக்கவும். செங்கல் சுவரென்றால் 6 மி.மீ. பிட், 35 மி.மீ. ஆழம், ராவல் பிளக். காரையில் மட்டும் பிடித்தால் நிற்காது. ஏஏசி பிளாக் (லேசான நுரைக் கான்கிரீட்) சுவருக்கு அதற்கென்று உள்ள திருகு பிளக்.

கீழ் மூலை இரண்டிலும் பின்னால் ரப்பர் புஷ் ஒட்டி 8 மி.மீ. காற்றிடம் விடுங்கள். வெளிச்சுவரில் ஓதம் இருந்தால் அங்கே மாட்டவே வேண்டாம், உள்சுவர் தேடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் பார்க்கவும்.

#15 நெய்தல்

காப்புரிமை? பிரிண்ட் கடை மறுத்தால்?

#16 கோடும்கோலமும்

இந்தியாவில் ஓவியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ராத்கோ இறந்தது 1970 பிப்ரவரி, ஆக 2030 முடியும்வரை உரிமை குடும்பத்தினரிடம். ஆல்பர்ஸ் 2036 முடியும்வரை. பிராங்கன்தாலர் 2011-இல்தான் காலமானார். கடை மறுத்தால் அது நியாயமான மறுப்பு. காசுக்குப் பிரதி அடித்துக் கொடுப்பது அவர்களுக்கு ஆபத்து. அருங்காட்சியகக் கடைகள் விற்கும் உரிமம் பெற்ற பிரதியை வாங்கி, மேலே சொன்ன ஃப்ரேம், விளக்கு, சுவர் வேலைகளைச் செய்வதே சிக்கலற்ற வழி. வாங்கும்போது அச்சுப் பரப்பின் அளவைப் பாருங்கள், தாளின் அளவை நம்பாதீர்கள். பல போஸ்டர்களில் கீழே அருங்காட்சியகப் பெயர் பெரிதாக இருக்கும், அதை மடிக்கலாம், ஆனால் ஓவியம் தாளில் பாதிதான் இருக்கும். ஆஃப்செட்டில் அடித்த போஸ்டரைவிட பிக்மென்ட் இங்க்ஜெட் பிரதி விலை கூடுதல், வெளுப்பதும் தாமதம்.

உரிமப் பேச்சே வேண்டாம் என்றால், பிரதி இல்லாமல் அசல் வாங்கும் வழியும் இருக்கிறது. நிறத்தையே பொருளாக வைத்து வரைந்த அச்சுதன் கூடல்லூர் சென்னையில்தான் வாழ்ந்தார். அந்த வழியில் இப்போது வரையும் இளையவர்களின் காகித ஓவியங்கள், சின்ன அளவில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் பக்கம் போனால் பார்க்கக் கிடைக்கும்.

#17 மஞ்சள்வெயில்

முடிவு: 65 × 100 அளவுக் காகித ஓவியம் ஒன்றின் உரிமம் பெற்ற பிரதி, காட்டன் காகிதத்தில். அக்ரிலிக், 6 மி.மீ. ஸ்பேசர், வெளிர் மர பீடிங். சுவருக்கு மங்கல் வெள்ளை. ஜன்னலுக்குத் தடித்த திரை. மையம் 130 செ.மீ. பிரதி வந்த அன்றே ஃப்ரேமுக்குக் கொடுத்துவிடலாமா?

#18 அச்சறை

கூடாது. புதிதாக அடித்ததென்றால் மையில் உள்ள கிளைக்கால் (மெதுவாக உலரும் கரைப்பான்) இன்னும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உடனே மூடினால் சில வாரத்தில் அக்ரிலிக்கின் உள்பக்கம் பால் போல ஒரு படலம் படியும், அடர் நிறம் உள்ள இடத்தில் மட்டும். எதிரே படத்தின் நிழலுருவம் மாதிரியே தெரியும். குழாயிலிருந்து எடுத்து, அச்சு மேலே இருக்க, ஃபேன் காற்று நேராக அடிக்காத அறையில் 24 மணி நேரம் விரியுங்கள். பிறகு மேலே வெள்ளை அமிலமற்ற தாள் போட்டு, அதன் மேல் கனமில்லாத அட்டை வைத்து மேலும் 2 நாள். மேல் தாள் அலைந்தால் ஆவி இன்னும் வருகிறது, தாளை மாற்றி இன்னொரு நாள் வையுங்கள்.

#19 ஃப்ரேம்வேலை

மழை பெய்யும் நாளில் மூடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே போக வழி கிடையாது. அறை ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாளாகப் பார்த்து, அல்லது ஏசி 2 மணி நேரம் ஓடிய அறையில் படம், போர்டு, பீடிங் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருந்து அதன் பிறகு மூடச் சொல்லுங்கள்.